பெரியவர் அனுப்பிய விருந்தாளிகள்

ஏப்ரல் 17

என் மகள் மஹ்லியோவின் அப்பா இன்று சாயங்காலம் தொப்பியைத் தலையில் வைக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். துக்க வீட்டுக்குப் போய் வருகிறாரோ என்று நினைத்தேன். தொப்பிக்குள் துணி, துணிக்குள் காகிதம், காகிதத்தில் கொஞ்சம் எள் கொட்டின மாதிரி. கிட்டே போய்ப் பார்த்தால் எள் நெளிகிறது.

யாருடையது என்று கேட்டேன். அரசாங்கத்துடையது என்றார். பிறகு தேநீர் கேட்டார்.

விஷயம் இதுதான். இவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் தலைமை மருத்துவர் யோகுப்ஜான் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் பட்டுப்புழு கொடுத்திருக்கிறார். மருத்துவர்களுக்கு முழுப் பெட்டி, தாதிகளுக்கும் ஓட்டுநருக்கும் அரைப் பெட்டி. மாவட்டத்துக்கு இத்தனை டன் பட்டுக்கூடு என்று தாஷ்கண்டில் நாட்டை ஆளும் பெரியவரிடமிருந்து உத்தரவு வந்துவிட்டதாம், அதை விவசாயிகள் மட்டும் கொடுத்தால் போதாதாம். மே மாதம் முடிவதற்குள் கூடு கொண்டுவராதவர்கள் "சொந்த விருப்பத்தின் பேரில்" வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

பதினெட்டு வருஷமாக இவர் அந்த மருத்துவமனை ஆம்புலன்ஸை ஓட்டுகிறார். வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரித் திரும்புவார். அந்த வேலை போனால் மனிதர் என்ன ஆவார்? நினைக்கவே முடியவில்லை.

"எங்கிட்ட இடமில்லைன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"விருந்தறை இருக்கே" என்றார்.

இருக்கத்தான் இருக்கிறது. இவருக்குப் பொய் சொல்ல வராது. பெண் கேட்க வந்த அன்றைக்கே எங்கள் அப்பாவிடம், எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை என்று தானாகச் சொன்ன மனிதர்.

ஏப்ரல் 18

தொலைக்காட்சியில் சொன்னார்கள்: மக்கள் மனமுவந்து புழு வளர்க்க முன்வந்திருக்கிறார்களாம். யார் அவர்கள் என்று எட்டிப் பார்த்தேன். நாங்கள்தான்.

ஏப்ரல் 21

விருந்தறையைக் காலி செய்தோம். மெத்தைகள், பீங்கான் கிண்ணங்கள், சுவரில் இருந்த கம்பளம் எல்லாம் நாங்கள் படுக்கும் அறைக்கு வந்துவிட்டன. நாங்கள் முற்றத்துக் கட்டிலுக்குப் போய்விட்டோம். புழுவுக்குக் குளிரக் கூடாது என்று விருந்தறையில் அடுப்பு எரிகிறது. எங்களுக்குக் குளிரலாம் போலிருக்கிறது, அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

புழுவுக்குப் பிடிக்காதவை: வெங்காயம் வதக்கும் வாசனை, எண்ணெய்ப் புகை, சிகரெட், அத்தர், சண்டை, சத்தமான சிரிப்பு. என் மாமியார் உயிரோடு இருந்தபோதுகூட இத்தனை கட்டளை இருந்ததில்லை.

ஒரு மாசத்துக்குப் புலாவ் கிடையாது. ரொட்டி, தேநீர், வேகவைத்த உருளைக்கிழங்கு. சிகரெட்டுக்கு அவர் தெருமுனைக்குப் போக வேண்டும். இருபது வருஷமாக நான் கெஞ்சிக் கேட்டு நடக்காததை ஒரு புழு சொன்னவுடன் செய்கிறார். இதற்காக மட்டும் பெரியவருக்கு ஒரு நன்றி.

ஏப்ரல் 26

குடியிருப்புத் தலைவி ஹூரிநிசா அக்கா சோதனை போட வந்தாள். அவள் பேசினால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும். வாசலில் நின்றபடியே, எத்தனை தட்டு, எத்தனை தரம் இலை போடுகிறீர்கள் என்று முழங்கினாள். நான் விரலை உதட்டில் வைத்து, "அக்கா, அதுங்க தூங்குதுங்க" என்றேன். அப்படியே குரலை இறக்கிவிட்டாள். தேர்தலில் அவளை எதிர்த்து நிற்க ஆள் கிடையாது, மருமகள்கள் வாய் திறப்பது கிடையாது. அவளை அடக்கினது எங்கள் வீட்டுப் புழு.

தோல் உரிக்கும் முன்னால் ஒவ்வொரு தரமும் தூங்குமாம்; முதல் தூக்கம் முடிந்து இப்போது இரண்டாவது தூக்கம். தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கின்றன, கூட்டத்தில் பெரியவர் பேச்சைக் கேட்கிறவர்கள் மாதிரி.

போகும்போது அக்கா காதோரம், அவள் வீட்டில் முழுப் பெட்டி என்று சொல்லிவிட்டுப் போனாள். தலைவிக்குமா! கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நல்ல குணம் இல்லைதான்.

மே 1

மஹ்லியோ கல்லூரிப் பாடத்தை உரக்கப் படிக்கிறாள். கணக்குப்பதிவு படிக்கிறாள் என் மகள். "சந்தைப் பொருளாதாரத்தில் விலையை வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்" என்று படித்தாள்.

அப்படியானால் கூட்டுக்கு என்ன விலை என்று நம்மிடம் யார் கேட்டார்கள் என்றேன்.

"அம்மா, இது பரீட்சைக்கு" என்றாள்.

நான் பேருந்து நிலையத்தில் சூரியகாந்தி விதை விற்கிறவள். ஒரு கிண்ணம் விதைக்கு எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேரம் பேசுகிறார்கள்! கூட்டுக்குப் பேரம் கிடையாது, புழுவும் அவர்களுடையது, மரமும் அவர்களுடையது, விலையும் அவர்களுடையது. உழைப்பு மட்டும் எங்களுடையது. முன்பு மாஸ்கோ கேட்டது, இப்போது தாஷ்கண்ட் கேட்கிறது. ஆட்சி மாறினது புழுவுக்கு இன்னும் தெரியாது.

மே 4

இலை இல்லை.

எங்களுக்கு ஒதுக்கினது கால்வாய்க் கரையில் ஒன்பது மல்பெரி மரம். போய்ப் பார்த்தால் ஒன்பதும் மொட்டை. எங்களுக்கு முன்னால் யாரோ வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ரோபியாவும் அரிவாளோடு அங்கேயே நின்றாள். அவளுக்கும் அதே ஒன்பது மரத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"உன் மரம் எதுடி?" என்றாள்.

"இலை இருந்தா என்னுது, இல்லாட்டி உன்னுது" என்றேன்.

இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து சிரித்தோம். வேறென்ன செய்வது. அவள் புருஷன் ரஷ்யாவில் சரடோவுக்குக் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவன் இருந்திருந்தால் அவனையும் கிளையில் ஏற்றியிருப்பாள்.

மே 6

ஆம்புலன்ஸில் இலை வந்தது!

இவர் கேட்டு வாங்கவில்லை, கேட்கவும் மாட்டார். யோகுப்ஜான் மருத்துவருக்கு வீட்டில் இரண்டு பெட்டிப் புழு. மலையடிவாரத்தில் போய் இலை வெட்டி வா என்று அவரேதான் வண்டியை அனுப்பியிருக்கிறார். பாதி அவருக்கு, பாதி இவருக்கு என்று பேச்சு. இவர் போகிற வழியெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினாராம், திருடின வண்டி மாதிரி.

திரும்பி வரும்போது கோதுமை வயல் ஓரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. கை காட்டி நிறுத்தினார்கள். படுக்கவைக்க இடமில்லை, கூரைவரை இலை. கொஞ்சம் இறக்கிவிட்டு மேலே விரிப்புப் போட்டு அந்தப் பெண்ணை இலை மேலேயே படுக்கவைத்துக் கொண்டுவந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. வண்டி ஒரு குலுக்கல்கூடக் குலுக்கவில்லை, எங்கள் வீட்டு மெத்தைகூட இத்தனை மெத்தென்று இல்லை என்று சொன்னாளாம்.

இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "வழியில நிறுத்தி இலைய இறக்கினேனே, அந்த நேரம் ஏதாவது ஆகியிருந்தா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதிலுக்குக் கேலி எதுவும் பண்ணவில்லை. இன்று ஒரு நாள் மட்டும்.

மே 10

நான்காம் தூக்கம் முடிந்து எழுந்துவிட்டன. இனி சாப்பாடுதான். விருந்தறைக் கதவுக்கு வெளியே நின்றால் உள்ளே மழை பெய்கிற மாதிரிச் சத்தம், அத்தனையும் மெல்லுகிற சத்தம். போடுகிறோம், முடிகிறது. மறுபடி போடுகிறோம், மறுபடி முடிகிறது. மஹ்லியோ விரல் எல்லாம் பச்சை. என் முதுகு எனக்குச் சொந்தமில்லை.

புழு ஒவ்வொன்றும் விரல் தடிமன், வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று. ஒன்றுக்கு யோகுப்ஜான் என்று பெயர் வைத்தேன். அது மற்றதன் தலைமேல் ஏறி நின்று சாப்பிடுகிறது.

மே 12

மஞ்சள் விழுந்துவிட்டது. காலையில் மேல் தட்டில் நாலைந்து புழு மஞ்சளாக வீங்கிக் கிடந்தன. தொட்டால் உடைந்து நீர் வருகிறது. மத்தியானத்துக்குள் அடுத்த தட்டு. நேற்று மழையில் நனைந்த இலையைக் காயவைக்காமல் போட்டோம்— பசி தாங்காமல் அதுங்க தலையைத் தூக்கித் தேடறதப் பாத்து மனசு கேக்கல, போட்டுட்டேன். நான்தான் போட்டேன். மஹ்லியோ காயட்டும்மான்னு சொன்னா.

நோய் வந்ததைப் பொறுக்கிப் பொறுக்கிக் குழியில் கொட்டினோம். வாளி வாளியாக. பாதிதான் மிச்சம் இருக்கும்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முற்றத்தில் உட்கார்ந்து வண்டிச் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியை யார் துடைப்பார்கள்?

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நம்மகிட்ட கூடு குறையும்னு நாளைக்கே மருத்துவர்ட்ட சொல்லிடறேன்."

சொல்லிவிடுவார். இந்த மனிதர் சொல்லியே விடுவார். "கடைசி நாள் வரைக்கும் பொறுங்க, இன்னும் கட்டவே ஆரம்பிக்கலையே, குறையும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததச் சொல்றதும் பொய்தானே" என்றேன். யோசித்தார். சரி என்றார். அப்பாடா.

மே 13

அஞ்சலகத்துக்குப் போய் என் நாத்தனார் ஸேபினிசாவுக்குத் தொலைபேசி போட்டேன். அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் கிர்கிஸ் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் ஆனபோது அது பக்கத்து ஊர். இப்போது நடுவில் முள்கம்பி, அது வெளிநாடு.

அந்தப் பக்கமும் சில வீடுகளில் புழு வளர்க்கிறார்கள் என்று கேள்வி. கொஞ்சம் கூடு அனுப்ப முடியுமா என்று கேட்கத்தான் போனேன். ஆனால் வாயைத் திறந்தவுடன் தொலைபேசியில் கிர்ரென்று ஒரு சத்தம். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்? அஞ்சலகத்துப் பெண் வேறு காதை நீட்டிக்கொண்டிருந்தாள். அதனால் கூடு என்ற பேச்சே எடுக்காமல், புழுவைச் சொல்கிற குர்த் என்ற சொல்லை வைத்துப் புத்திசாலித்தனமாகப் பேசினேன். "உங்க பக்கம் குர்த் கிடைக்குமா? எங்களுக்கு ரொம்பக் குறையுது. ரெண்டு மூட்டை வேணும், உங்க அண்ணன் வேலைக்கே ஆபத்து" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "அண்ணி, அவ்வளவு கஷ்டமா?" என்று அழுகிற குரலில் கேட்டாள். ஆமாம் என்றேன். "நீங்க ஒண்ணும் பேச வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தங்கமான பெண். எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாள்!

மே 16

புரிந்துகொள்ளவில்லை.

எங்கள் பேச்சில் புழுவுக்கும் குர்த்தான். மோரைக் கெட்டியாக்கி உப்புப் போட்டு, உருண்டை பிடித்து, கல்லாகக் காயவைத்துக் கடித்துத் தின்போமே, அதுக்கும் குர்த்தான். ஒரே சொல். நான் புழுவை நினைத்துச் சொன்னேன், அவள் தயிர் உருண்டையை நினைத்துக் கேட்டுக்கொண்டாள். இப்போது முற்றத்தில் இரண்டு பெரிய மூட்டை தயிர் உருண்டை உட்கார்ந்திருக்கிறது.

எல்லையில் ரொட்டி விற்கிற ஒருத்தி கழுதை வண்டியில் கொண்டுவந்து சேர்த்தாள். வெள்ளையாக, உருண்டையாக இருக்கிறதே என்று காவல்காரன் சந்தேகப்பட்டானாம். கூடு கடத்தல் என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்திருக்கிறான். பல் தப்பினது பெரிய விஷயம். நாத்தனார் அவள் ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சேர்த்தாளாம், எங்கள் அண்ணன் வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை என்று சொல்லி. "அண்ணன் ரொம்ப இளைச்சுட்டாரா" என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள்.

அவர் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் சிரித்தேன். மஹ்லியோ பயந்துவிட்டாள்.

மே 17

மிச்சம் இருந்த புழுக்கள் உலர்ந்த செடிக் கொத்துகளில் ஏறிக் கூடு கட்ட ஆரம்பித்துவிட்டன. இப்போதுதான் வீட்டில் ஒரு சத்தமும் ஒரு வாசனையும் கூடாது. தெரு முழுக்க அப்படித்தான். ஒரு மாசமாகத் தெருவில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. நாக்கு செத்துப்போய்க் கிடக்கிறது எல்லோருக்கும்.

ரோபியா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அது என்னடி மூட்டை?" என்றாள். ஒரு உருண்டையைத் தூக்கிப் போட்டேன். வாயில் போட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள். உப்பும் புளிப்பும் நாக்கில் ஏற ஏற அவள் முகம் மாறினதைப் பார்க்க வேண்டுமே. "இன்னும் ஒண்ணு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. சமைக்க வேண்டாம், புகை கிடையாது, வாசனை கிடையாது. புழு பார்த்தும் முகம் சுளிக்காத ஒரே பண்டம்.

"தரேன். இப்ப ஒரு கிண்ணம் குர்த் வாங்கிக்க. கூடு பறிக்கும்போது ஒரு கிண்ணம் கூடு தா" என்றேன். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கூட்டை ஒதுக்கி வைப்பார்கள், மெத்தையில் பட்டு அடைக்கவோ, எல்லை தாண்டி வருகிற வியாபாரிக்கோ. அது எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது.

"கிண்ணம் எந்தக் கிண்ணம்?" என்றாள் ரோபியா.

"உன் வீட்டுக் கிண்ணம்" என்றேன்.

"அப்ப சின்னக் கிண்ணம்."

"குர்த்தும் சின்னக் கிண்ணம்."

"அப்ப பெரிய கிண்ணம்" என்றாள். மஹ்லியோவைக் கூப்பிட்டு, வந்து பாருடி, விலை இப்படித்தான் தீர்மானமாகும் என்றேன்.

மே 19

ஒரு மூட்டை காலி. பெண்கள் முக்காட்டுக்குள் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு வருகிறார்கள். ஹூரிநிசா அக்காகூட வந்தாள். நான் தலைவியாக வரவில்லை, பக்கத்துத் தெருக்காரியாக வந்திருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வாளி கொண்டுவந்தாள்.

இவருக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. இரவு சாப்பாட்டில் மெல்ல ஆரம்பித்தார்.

"அது நம்ம புழு கட்டினது இல்லையே."

"ஏங்க, கூட்டுல புழுவோட கையெழுத்தா கேக்கறாங்க?"

"நீ எத்தனை வளர்த்தேன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. எத்தனை கொண்டுவந்தேன்னுதான் கேப்பாங்க. அதுக்கு உண்மையச் சொல்லுங்க."

ஒரு உருண்டையைக் கடித்துக்கொண்டே வெகு நேரம் யோசித்தார். உருண்டை கரைந்த பிறகு தலையாட்டினார்.

மே 24

கூடு பறித்தோம். எதிர்பார்த்தபடியே பாதிதான். மிச்சம், குர்த் வாங்கிப்போன பெண்களின் வாக்குதான்.

வருவார்களா? தின்றது தின்றாயிற்று. கையெழுத்தா வாங்கினேன்?

மே 25

வந்தார்கள்!

கூடு வாங்கும் நிலையத்தின் வாசலில் வண்டிகள் வரிசை, யோகுப்ஜான் ஒரு பக்கம் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் கூடும் குறைவு என்று முகத்திலேயே தெரிந்தது. நாங்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றோம். முதலில் ரோபியா வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. நலம் விசாரிக்கிற மாதிரி வந்து நிற்பாள், கட்டிப்பிடிப்பாள், போய்விடுவாள், எங்கள் மூட்டை ஒரு கிண்ணம் கூடியிருக்கும். அத்தனை பேர் என்னைக் கட்டிப்பிடித்தது என் கல்யாணத்துக்கு அப்புறம் இன்றுதான். ரோபியா கிண்ணத்தைக் குவித்துக் கொண்டுவந்திருந்தாள், நான் கொடுத்தபோது தலை தட்டித்தான் கொடுத்தேன். அதை அவளிடம் சொல்லிக்காட்டப் போவதில்லை.

எடை சரியாக வந்தது, ஈரம் என்று சொல்லி அவர்கள் கழித்துக்கொண்ட பிறகும். இவருக்கு வேலை நிலைத்தது.

வீட்டுக்கு வந்து விருந்தறைக் கதவு சன்னல் எல்லாம் திறந்துபோட்டுச் சட்டியை அடுப்பில் வைத்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வெங்காயம். பக்கத்து ஊர்க்காரர்கள் கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 9

மாவட்டம் இலக்கைத் தாண்டிவிட்டதாம். தொலைக்காட்சியில் பெரியவர் கை தட்டினார், எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். மருத்துவமனையில் இவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அதில் பெரியவர் படம். கூட்டுக்குப் பணம்? வருமாம்.

ஜூன் 20

பணத்துக்குப் பதிலாகப் பருத்திக்கொட்டை எண்ணெய் வந்தது. விலையை அவர்களே போட்டுக் கழித்துக்கொண்டார்கள். சந்தைப் பொருளாதாரம்!

ஜூலை 5

இலக்கைத் தாண்டினதற்குப் பரிசு: கோடையிலும் ஒரு தரம் புழு வளர்க்க வேண்டுமாம். போன தடவை நன்றாக வளர்த்தவர்களுக்கு முழுப் பெட்டி. நாம்தான் நன்றாக வளர்த்தவர்கள் ஆயிற்றே.

ஒன்றும் எழுத வரல. இலைக்கு எங்க போவேன், வெயில்ல மரமெல்லாம் காஞ்சு கெடக்கு. மறுபடி நோய் வந்தா? மறுபடி வேலை வேலைன்னு பயந்து சாகணுமா? ஒவ்வொரு தடவையும் குர்த் மூட்டை வருமா?

ஜூலை 6

இன்று நடந்ததை மெதுவாக எழுதுகிறேன்.

மத்தியானம் இவர் வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. வேலை போய்விட்டதோ என்று ஓடினேன். இல்லை. யோகுப்ஜான் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, புழுவுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இடம் இல்லாதவருக்குக் கொடுத்துப் புழு செத்தால் அவர் தலைதான் உருளும், அதனால் இந்தத் தடவை இடம் பார்த்துத்தான் கொடுக்கிறார்களாம்.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க விருந்தறைக் கூரை விழுந்துபோச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதர் சொன்ன முதல் பொய்! கையைப் பிடித்துக் குலுக்கலாமா, காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாமா என்று தெரியவில்லை.

அவரோ என்னைக் கவனிக்கவே இல்லை. கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையை எடுத்தார். ஏணியைச் சாய்த்தார். விருந்தறை மேலே ஏறிவிட்டார்.

"என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

"சொல்லிட்டேனே" என்றார் மேலே இருந்து. "சாயந்தரத்துக்குள்ள விழுந்தாத்தான் அது பொய்யாகாது."

நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வந்தது. கல்யாணமாகி வந்த வருஷம் நாங்கள் இருவரும் மண் குழைத்துப் போட்ட கூரை அது. மஹ்லியோவைப் பெண் பார்க்க வருகிறவர்களை நான் எங்கே உட்காரவைப்பேன்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. ஒரு குத்து, மண் பொலபொலவென்று கொட்டினது. இன்னொரு குத்து, கோரைப்புல் தொங்கினது.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மஹ்லியோ கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஜூலை 8

ஹூரிநிசா அக்கா நேரில் பார்க்க வந்தாள், மருத்துவமனையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விருந்தறைக்குள் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். வானம் நல்ல நீலம். ஒரு புறா வேறு உத்தரத்தில் உட்கார்ந்திருந்தது.

இவரும் அப்போது வீட்டில் இருந்தார். விழுந்ததா என்று கேட்டால் ஆமாம் என்பார். எப்படி விழுந்தது என்று கேட்டால்?

"எப்படி தம்பி விழுந்துச்சு?" என்று கேட்டேவிட்டாள்.

"நான்தான் அக்கா இடிச்சேன்" என்றார்.

நான் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருஷ வேலை, இதோ போயிற்று, கதவு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா அவரைப் பார்த்தாள். மறுபடி கூரையைப் பார்த்தாள். மூலையில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையைப் பார்த்தாள். அவள் அத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, இத்தனைக்கும் இப்போது எங்கள் வீட்டில் தூங்குகிற புழுகூட இல்லை.

பிறகு காகிதத்தை எடுத்து, "மழையில விழுந்துச்சுன்னு எழுதிக்கறேன்" என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அக்கா, மழை பேஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே" என்றேன்.

"காகிதத்துல பேஞ்சுது" என்றாள்.

எழுதி முடித்து மடித்து வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். எப்போதும் இல்லாத மெல்லிய குரலில் இவரிடம் கேட்டாள்:

"தம்பி, அந்தக் கடப்பாரையக் கொஞ்சம் குடேன். காலையில தந்துடறேன்."

ஜூலை 19

இவர் வழக்கம்போல வண்டிக்குப் போய்விட்டார். இன்று வண்டியில் நோயாளிகள் மட்டும்தான்.

கடப்பாரை இன்னும் திரும்பி வரவில்லை. ஹூரிநிசா அக்காவிடம் கேட்டேன். ரோபியாவிடம் கொடுத்துவிட்டாளாம். ரோபியாவிடம் கேட்டேன். அது இப்போது கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டதாம்.